நின்றுபோனதற்கு ஒரு காரணம்

முன்கூட்டியே வந்திருக்கக் கூடாது. முன்கூட்டி வந்து காத்திருப்பவன் ஆசையோடு வந்திருக்கிறான் என்பது யாருக்கும் தெரிந்துவிடும். அந்த வரவேற்புப் பெண்ணுக்கே தெரிந்திருக்கும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்காமலே உட்காருங்க சார், கூப்பிடுவாங்க என்று சொல்லியிருக்க மாட்டாள். வாசலில் செக்யூரிட்டி என் ஃபோனை வாங்கி அதன் காமிராவின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினான், கழுத்தில் மாட்டிக்கொள்ள விசிட்டர் அட்டை கொடுத்தான், எங்கிருந்து வர்றீங்க என்று கேட்டான். எங்கிருந்து வருகிறேன். இருபது வருஷம் இந்தக் கம்பெனிக்குள் நான் பின்பக்க கேட் வழியாகத்தான் வந்துபோய்க்கொண்டிருந்தேன். லோடு வண்டியின் பின்னாலேயே என் ஸ்கூட்டரும் நுழையும், பழைய வாட்ச்மேன் கையை மட்டும் தூக்குவார், மெஷின் ஷாப்பைத் தாண்டி, கட்டிங் ஆயில் வாடையைத் தாண்டி, நேராக முதலாளி பெரியவர் அறைக்குப் போய் நிற்பேன். முன்பக்கம் இப்படி ஒரு கண்ணாடிக் கதவும் சோபாவும் இருப்பதே எனக்குத் தெரியாது. கணபதியில் ஃபவுண்டரி வைத்திருக்கிறேன் என்றேன். எழுதுங்க என்றான். சம்பத்குமார் என்று எழுதினேன், வந்த விஷயம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. பின்னால் கூரியர்காரன் செருமினான். மீட்டிங் என்று எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மீட்டிங்கா இது? நேற்று ஃபோனில் கூப்பிட்ட பெண் என்ன சொன்னாள் என்பதை இரவிலிருந்து எத்தனை தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். பர்ச்சேஸ்லருந்து அனுராதா பேசறேன் சார், பம்ப் பாடி மூணு சைஸும் திரும்ப உங்ககிட்டயே ஊத்தலாம்னு இருக்கோம், நாளைக்கு வர முடியுங்களா. திரும்ப என்று சொன்னாளா, அல்லது அது நானாகச் சேர்த்துக்கொண்டதா? சொன்னாள். சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன். திரும்ப என்று சொல்கிறவளுக்கு நடுவில் நின்றது தெரியும். நின்றது தெரிந்தால் ஏன் நின்றது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அப்படியானால் என் குறை என்ன என்பது தெரிந்த ஒரு பெண்ணின் முன்னால் இன்னும் கொஞ்ச நேரத்தில் போய் உட்காரப்போகிறேன்.

நின்றது என்று சொல்வதுகூடச் சரியில்லை. நிற்பதற்கு ஒரு நாள் வேண்டும். இது அப்படி ஒரு நாளில் நிற்கவில்லை. வாரத்துக்கு நாலு லோடு போய்க்கொண்டிருந்தது மூன்றாயிற்று, மழை என்றார்கள். இரண்டாயிற்று, சீசன் டல் என்றார்கள். ஒன்றானபோது யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் அதுவே காரணமாகிவிடுமோ என்று பயம். பிறகு ஒரு நாள் காலையில் கம்பெனி வேன் வந்தது, டிரைவரும் இரண்டு ஆட்களும் இறங்கினார்கள், பேட்டர்ன் எடுத்துட்டு வரச் சொன்னாங்க என்றார்கள். இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு இது விளங்காது. ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு அச்சு உண்டு. மரத்திலோ அலுமினியத்திலோ செய்த பேட்டர்ன். அதை மணலில் பதித்து எடுத்த குழிக்குள்தான் உருக்கிய இரும்பை ஊற்றுகிறோம். மணல் எங்களுடையது, இரும்பு எங்களுடையது, சூடும் தீக்காயமும் எங்களுடையது, ஆனால் அச்சு கம்பெனியுடையது. ஆர்டர் கொடுப்பதை நிறுத்தினால் அது இன்றைக்கு இல்லை நாளைக்கு வரும் என்று சொல்லிக்கொள்ளலாம். பேட்டர்னை எடுத்துக்கொண்டு போய்விட்டால் பிறகு சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. அன்றைக்கு அவர்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனதை மோல்டர் ஆறுச்சாமி கையில் மணலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பொண்டாட்டி கோவிச்சுட்டு பெட்டி படுக்கையோட போறாப்புல போறாங்ளேண்ணா என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் சிரித்த வாயை எப்போது மூடுவது என்று தெரியாமல் அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பொண்டாட்டி கோபித்துக்கொண்டு போனால் என்ன கோபம் என்று அவள் அம்மாவாவது சொல்வாள். இங்கே யாரைப் போய்க் கேட்பது? பெரியவர் அதற்குள் படுக்கையில் விழுந்திருந்தார், மகன் பொறுப்புக்கு வந்திருந்தார். பர்ச்சேஸில் இருந்த தங்கராசு ஃபோனை எடுக்கவில்லை, எடுத்தபோது பாக்கலாமுங்க என்றார். பாக்கலாம் என்பதற்குப் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும், நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆறு வருஷமாகக் காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி கிருஷ்ணவேணி இதை வியாதி என்கிறாள். ராத்திரி புரண்டு படுத்தால், ஆரம்பிச்சுட்டீங்களா என்று சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். ஆரம்பிப்பது எப்போதும் அந்த லாட்டிலிருந்துதான். வைகாசி மாதம் அனுப்பிய லாட்டில் காற்றுக்குழி விழுந்திருந்தது, மேலே வழவழப்பாக இருக்கும், கடைசலில் கொடுத்துத் தோலை எடுத்தால்தான் உள்ளே பல்லைப் பிடுங்கிய மாதிரி ஓட்டை தெரியும். ஆனால் அதை மொத்தமாகத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு ஊற்றிக் கொடுத்துவிட்டேன், அந்த மாதிரி எந்த ஃபவுண்டரிக்குத்தான் நடக்காது. அப்படியானால் அது இல்லை. பெரியவர் மகன் ஒரு தடவை எங்கள் ஷெட்டுக்கு வந்தபோது நான் உலை மேடையில் இருந்தேன், உலையை விட்டு இறங்க முடியாத நேரம், இரும்பு தயாராகிவிட்டது, ஊற்றி முடித்துவிட்டு இறங்கி வருவதற்குள் அவர் கிளம்பிப் போயிருந்தார். அதுவாக இருக்கும். இல்லை, அதற்குப் பிறகும் லோடு போய்க்கொண்டுதானே இருந்தது. அவர் கல்யாண வரவேற்புக்குப் போனோம், வரிசை நீண்டிருந்தது, கிருஷ்ணவேணிக்குக் கால் வலி, மேடை ஏறாமலே சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். கீழேயிருந்த பெரியவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தோம், ஆனால் மேடையில் எடுத்த போட்டோவில் நாங்கள் இல்லை. இவ்வளவு பெரிய கம்பெனிக்காரர் ஆல்பத்தைப் புரட்டி சம்பத்தைக் காணோமே, பேட்டர்னைத் தூக்குங்க என்றா சொல்லியிருப்பார்? பகலில் சிரிப்பாக இருக்கும். ராத்திரி அப்படி இருக்காது. ஒவ்வொரு காரணமாக எடுத்துத் தட்டிப் பார்க்கிறேன், நல்ல காஸ்டிங்கைச் சுத்தியலால் தட்டினால் மணி மாதிரி ஓசை வரும், கீறல் இருந்தால் மொட்டையாகக் கேட்கும், இந்தக் காரணங்களில் எதுவும் ஒழுங்காக ஒலிப்பதில்லை, ஆனாலும் எதையும் தூக்கிப்போட முடியவில்லை.

எதிரே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பம்பை நெடுக அறுத்து வைத்திருக்கிறார்கள், வருகிறவர்கள் உள்ளே எப்படியிருக்கிறது என்று பார்ப்பதற்காக. பாடி நீலம், உள்பக்கம் மஞ்சள். வந்து உட்கார்ந்ததிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது நான் ஊற்றியதா, எனக்குப் பிறகு வந்தவர் ஊற்றியதா? அடிப்பக்கம் பம்பின் காலுக்கு உள்ளே ஒவ்வொரு ஃபவுண்டரியும் தன் அடையாளமாக ஒரு எழுத்துப் போடும், அது இங்கிருந்து தெரியாது. குனிந்து பார்க்கலாம், ஆனால் அந்தப் பெண் நிமிர்ந்தால் என்ன நினைப்பாள். ஏசிக்காற்று நேராகப் பிடரியில் விழுகிறது. ஐம்பத்தாறு வயதுக்காரன் ஒரு சோபாவில் எங்கே உட்கார்ந்தால் காற்று படாது என்று யோசித்துக்கொண்டிருக்கிறான், நகர்ந்து உட்காரப் பயமாக இருக்கிறது. இந்த ஆர்டர் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாரத்தில் இரண்டு நாள்தான் உலை எரிகிறது, மற்ற நாட்களில் ஆட்கள் வந்து மணலைச் சலித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஆறுச்சாமியின் தம்பி போன மாதம் அரசூரில் வேறிடத்துக்குப் போய்விட்டான், போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த மூன்று சைஸும் வந்தால் எல்லா நாளும் எரியும். வராவிட்டால் அடுத்த ஆயுத பூஜைக்கு அந்த ஷெட்டில் பொட்டு வைக்க என்ன மிச்சம் இருக்கும் என்று எனக்கே தெரியாது. அதனால் சரி என்று சொல்லத்தான் போகிறேன். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்பது என்று முடிவு பண்ணியிருக்கிறேன். கேட்காமல் பேட்டர்னை உள்ளே வாங்கினால் ஒவ்வொரு நாளும் அது மறுபடி எப்போது போகும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன், எதைச் செய்யாமல் இருந்தால் போகாது என்றும் தெரியாது. கிருஷ்ணவேணி காலையில் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே சொன்னாள், போனமா, சரீன்னமா, வந்தமான்னு வாங்க, பழசத் தோண்டிப்போட்டுட்டு வராதீங்க. தோண்ட மாட்டேன் என்றேன். எப்படிக் கேட்பது என்று பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏனுங்க நிறுத்துனீங்க. இது சண்டைக்குப் போவது மாதிரி இருக்கிறது. எங்க பக்கம் என்னுங்க குறை. இது பிச்சை எடுப்பது மாதிரி. இனிமே சரி பண்ணிக்கலாம்னுதான் கேக்கறனுங்க, போன தடவை என்ன ஆச்சுன்னு தெரிஞ்சா. இது கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அனுராதாவின் ஃபோன் அடித்துவிடும்.

கண்ணாடிக் கதவு திறந்து ஈஸ்வரமூர்த்தி உள்ளே வந்தார். முதலில் அவர் சட்டையைத்தான் பார்த்தேன், பிறகு முகத்தை, பிறகு கண்ணாடிப் பெட்டியிலிருந்த பம்பை. அவரும் என்னைப் பார்த்துவிட்டார், ஒரு நொடி அப்படியே நின்றார், அப்புறம் என்னங்ணா, நல்லாருக்கீங்ளா என்று கேட்டபடி வந்து அதே சோபாவில், ஒரு ஆள் உட்காருகிற இடைவெளி விட்டு, உட்கார்ந்தார். என்னிடமிருந்து போன பேட்டர்ன் எல்லாம் சூலூரில் இவருடைய ஃபவுண்டரிக்குத்தான் போயிற்று. எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, எங்கும் எழுதி வைத்ததில்லை. ஒருத்தர் ஊற்றிக்கொண்டிருந்த பேட்டர்ன் இன்னொருத்தருக்குப் போனால், வாங்குகிறவர் பழைய ஆளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எங்ககிட்ட வருதுங்க, எடுத்துக்கட்டுங்ளா. எடுத்துக்கங்க என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், வேறு எதுவும் சொல்ல முடியாது, ஆனால் கேட்க வேண்டும். ஈஸ்வரமூர்த்தி கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க நான் ஃபோனை உலை மேடைக்குக்கூடக் கொண்டுபோனேன், இரும்பு ஊற்றுகிற சத்தத்தில் கேட்காமல் போய்விடக் கூடாதே என்று. எடுத்துக்கங்க என்பதை எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன். அந்தக் கோபம் இவ்வளவு நாள் இருந்தது. இப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதைத் தேடினால் அகப்படவில்லை, அது இருந்த இடத்தில் வேறு ஒரு கலக்கம் இருந்தது. இவருக்குத் தெரியுமா? நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்துதான் வந்திருக்கிறாரா? நேற்று ராத்திரியே நான் இவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், இன்னும் முடிவாகவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அன்றைக்கு இவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார். நிலக்கரி விலை பற்றி ஏதோ பேசினார், ஆள் கிடைக்கவில்லை என்றார், பீகார்ப் பையன்கள் தீபாவளிக்குப் போனால் பொங்கலுக்குத்தான் வருகிறார்கள் என்றார். நான் ஆமாங்க ஆமாங்க என்றேன். அவர் வலது முழங்கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது, சோபா முழுக்க அந்த நடுக்கம் என் பக்கம் வரைக்கும் வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தப் பெண்ணுக்குக் கேட்காத மாதிரி, கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வரச் சொல்லலீங்ணா. நானா வந்தேன். ரெண்டு மாசமா லோடு கொறஞ்சுட்டே வருது, கேட்டா பாக்கலாம்ங்கறாங்க. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு தெரிஞ்சாப் போதும்."

பாக்கலாம் என்கிறார்கள். ஒரு பக்கம் சந்தோஷம், அதை மறைக்க முடியாது, இவருக்கும் இப்படியா, இவருக்கும் பாக்கலாமா. அந்தச் சந்தோஷம் வந்த வேகத்திலேயே பயமாக மாறிற்று, ஏனென்றால் இவருடைய உருப்படியில் குறை சொல்ல முடியாது, நான் வெளியே மெக்கானிக் கடைகளில் பார்த்திருக்கிறேன், சுத்தமாக ஊற்றுகிறார், தோல் நன்றாக வருகிறது, என்னைவிட நன்றாகக்கூட இருக்கலாம். அப்படிப்பட்ட ஆளுக்கே குறைகிறது என்றால். நான் பதில் சொல்வதற்கு வாயைத் திறந்தேன், அதற்குள் வரவேற்புப் பெண் சம்பத்குமார் சார், உள்ளே போங்க என்றாள். எழுந்தேன். ஈஸ்வரமூர்த்தியின் முழங்கால் நின்றுவிட்டது. என்னைக் கூப்பிட்டு வரவழைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். நான் திரும்பிப் பார்க்காமல் போனேன். அந்த வழி நீளமாக இருந்தது, இரண்டு பக்கமும் மரக்கன்று நடுகிற, ரிப்பன் வெட்டுகிற போட்டோக்கள், ஒன்றில் பெரியவர் மாலைக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தார், பெரியவர் இருந்திருந்தால் கேட்டிருப்பேன் என்று நினைத்தேன், இருந்தபோது கேட்கவில்லையே என்றும் நினைத்தேன்.

அனுராதாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எழுந்து நின்று வாங்க சார் என்றாள், மோர் கொண்டுவரச் சொன்னாள், மணல் பெட்டி அளவு, வாரத்துக்கு எத்தனை ஊற்ற முடியும், கரண்ட் நிலவரம் எல்லாம் கேட்டாள். கேள்விகள் ஒழுங்காக இருந்தன, அவளுக்கு வேலை தெரியும். செவ்வாய்க்கிழமை வேன் வந்து பேட்டர்னை இறக்கிவிடும், முதலில் சாம்பிள் ஊற்றிக் காட்டுங்கள் என்றாள். எங்கிருந்து வேன் வரும் என்று நான் கேட்கவில்லை, சூலூரிலிருந்து என்று அவளே சொன்னாள். சரி என்று சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. நான் மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். பஸ்ஸில் சொல்லிப் பார்த்தது எதுவும் வரவில்லை, நாக்கு தானாக வேறு ஒன்றைச் சொல்லிற்று, முன்னால நின்னுபோச்சுங்களே, அது எதனாலன்னு உங்களுக்குத் தெரியுங்ளாம்மா. அவள் புருவத்தைச் சுருக்கினாள், கோபத்தில் இல்லை, தேடுகிறவள் சுருக்குவது போல. கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள், மேலே போனாள், கீழே வந்தாள்.

"நின்னுதுங்களா சார்? இதுல நீங்க எப்பவும் ஆக்டிவ்னுதான் காட்டுது."

திரையை என் பக்கம் திருப்பிக்கூடக் காட்டினாள். என் பேர் பச்சை எழுத்தில் இருந்தது. தங்கராசு எங்கே என்று கேட்டேன், யாருன்னு தெரியலீங்க சார், நான் வந்தே ரெண்டு வருஷம் ஆகலை என்றாள். இப்ப எதனால மறுபடி எங்ககிட்ட என்று கேட்டேன், நிறுத்திக்கொள்ள முடியவில்லை. மாத்தச் சொல்லி மேலருந்து வந்துச்சு சார், லிஸ்ட்ல உங்க பேர் இருந்துச்சு, கூப்பிட்டேன் என்றாள். பிறகு ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்தவள் போல, பழைய சப்ளையர்னா நமக்கும் நல்லதுதானே என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். காற்றுக்குழி, உலை மேடை, ஏறாமல் விட்ட மேடை, போட்டோ எல்லாம் அந்த மேசைக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றன, எதையும் யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. எவ்வளவு நாள் என்னை நானே விசாரித்திருக்கிறேன், எத்தனை ராத்திரி கிருஷ்ணவேணியைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறேன், புகார் கொடுத்த ஆளே இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். குறை இருந்திருந்தால் திருத்திக்கொள்ளலாம். குறையே இல்லாமல் எடுத்துக்கொண்டு போன பேட்டர்ன், எதைத் திருத்தினால் மறுபடி போகாது? சரிங்கம்மா என்றேன். என் குரல்தான், நன்றாகவே ஒலித்தது. செவ்வாய்க்கிழமை இறக்கிருங்க, உலை ரெடியா இருக்கும்.

வெளியே வந்தபோது ஈஸ்வரமூர்த்தி அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார், அவரை இன்னும் யாரும் கூப்பிடவில்லை. கண்ணாடிக் கதவு நேர் எதிரே இருந்தது, தலையை அசைத்துவிட்டுப் போயிருக்கலாம், ஏசிக்கு வெளியே வெயிலும் பஸ்ஸும் இருந்தன. அவர் எழுந்திருக்கவில்லை, முகத்தை மட்டும் நிமிர்த்தினார், அந்த முகத்தை எனக்குத் தெரியும், ஆறு வருஷமாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இடைவெளி விடாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேட்டர்ன் எங்ககிட்ட வருதுங்க, எடுத்துக்கட்டுங்ளா என்று கேட்டேன். எடுத்துக்கங்ணா என்றார், அப்புறம் அன்னைக்கு நான் உங்களைக் கேக்கலீங்க என்றார். பரவால்லீங்க என்றேன். அவருக்கு அது முக்கியமில்லை, எனக்கும் இல்லை, இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவர் முழங்கால் மறுபடி ஆட ஆரம்பித்தது. எதுக்குன்னு ஏதாச்சும் சொன்னாங்ளாங்ணா, உங்ககிட்ட, என்று கேட்டார். சொல்லவில்லை, சொல்ல அவர்களிடம் எதுவும் இல்லை, அனுராதாவின் திரையில் உங்கள் பேரும் பச்சையாகத்தான் இருக்கும். இதை நான் சொன்னால் இவர் இன்றைக்கு ராத்திரி எதிலிருந்து ஆரம்பிப்பார்? எந்த லாட், எந்தக் கல்யாணம்? இவர் வீட்டிலும் ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

"தூரமாம்ங்க. சூலூர்லருந்து வண்டி வந்து சேர லேட்டாகுது, இங்க அசெம்பிளி லைன் நிக்குதுன்னாங்க. உருப்படி சுத்தமா இருக்குன்னுதான் சொன்னாங்க."

தூரம் என்பது நான் அந்த நொடியில் கண்டுபிடித்தது. கணபதிக்கும் சூலூருக்கும் இங்கிருந்து அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் கிடையாது, ஒரு தடவை யோசித்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். அவர் யோசிக்கவில்லை. முழங்கால் நின்றது. தோள் இறங்கிற்று. அந்தப் பாலத்து வேலை ஆரம்பிச்சதுலருந்தே லேட்டுதாங்ணா, டிரைவரை நான் எத்தனை சத்தம் போட்டிருக்கேன் என்றார், அது நம்ம கையில இல்லீங்களே என்றார், இன்னொரு தடவையும் நம்ம கையில இல்லீங்களே என்றார். பிறகு விசிட்டர் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டே, இனி உள்ளே போய் என்னத்தைக் கேக்கறது, வாங்ணா, ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம் என்று எழுந்தார். அவர் முகம் நன்றாகத் தூங்கி எழுந்தவன் முகம் மாதிரி ஆகியிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது.